ஹார்மோன் ஜெல்லை ஆன்லைனில் வாங்கலாமா, மூலிகைப் பொடியே போதுமா?

உங்களுக்கு 48 வயது. கடைசியாக மாதவிலக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்போதும் பன்னிரண்டு நாள், கட்டி கட்டியாகப் பட்டிருக்கிறது. ராத்திரியில் குப்பென்று வேர்த்து, நைட்டி நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். இங்கிலாந்தில் இருக்கும் அக்கா ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவுகிறார். "அது ஒண்ணுதான், வேற மாத்திரை எதுவும் கிடையாது" என்கிறார். அதே ஜெல் இங்கே மருந்து ஆப்பில் கிடைக்கிறது, சீட்டு இல்லாவிட்டால் அவர்களே ஒரு டாக்டரைப் போனில் பேசவைத்துச் சீட்டு போட்டுக் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து "ஹார்மோன் பேலன்ஸ்" பொடி ஒன்று வாங்கி, மூன்று வாரமாகக் காலையில் பாலில் கலந்து குடிக்கிறீர்கள். தைராய்டு மாத்திரை 50 ஏற்கெனவே ஓடுகிறது. ஜெல்லுக்கு மாறலாமா, பொடியிலேயே இருக்கலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில் இருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "இதுக்குன்னு டாக்டர்கிட்ட போய் உட்காரணுமா? போன தடவை, இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்னு அனுப்பிட்டாங்க." யாரையும் பார்க்காமலே இதை முடித்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

நான் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவர். பல ஆண்டுகளாக மாவட்டத் தலைநகர் ஒன்றில் பார்த்துவருகிறேன். என் பதில்: ஒரு முறை நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு, எழுதிக் கொடுத்த மருந்தை ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "அப்படித்தான் இருக்கும்" என்று உங்களை அனுப்பியது சரியில்லை. மாதவிலக்கு நிற்பது இயற்கைதான். அதற்காக வருடக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டும் என்று விதி இல்லை. அதற்கு மருந்து இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். இந்த வேர்வைக்கும் திகுதிகுப்புக்கும் ஈஸ்ட்ரோஜனைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து வேறு இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் குழுவின் 2004ஆம் ஆண்டுத் தொகுப்பில், வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு ஹாட் ஃப்ளஷ் (அந்தத் திகுதிகுப்பு) வரும் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொகுப்பில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய 58 சதவீதம் குறைந்திருந்தது. இந்த 58ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பொடியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். ஜெல் நல்ல மருந்து என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. தோல் வழியாகப் போகும் ஜெல்லுக்கும், தோலில் ஒட்டும் பேட்ச்சுக்கும், வழக்கமான அளவில், அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்தால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரலாம். ஜெல்லில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

பிறகு ஏன் நேரே ஆர்டர் போடக் கூடாது? கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஜெல் பாதி மருந்துதான். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும். அதை அடக்கிவைக்க புரோஜெஸ்டிரோன் கூடவே வேண்டும். 1990களில் அமெரிக்காவில் நடந்த பெப்பி ஆய்வில், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு மூன்று ஆண்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது 62 சதவீதம் பேருக்கு உட்சுவர் ஏதோ ஒரு வகையில் தடித்திருந்தது. 34 சதவீதம் பேருக்குப் புற்றுநோயை நோக்கிப் போகக்கூடிய வகைத் தடிப்பு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் எல்லா வகைத் தடிப்பும் சேர்த்தே ஏறக்குறைய 2 சதவீதம்தான். புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை கூடவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ஆப்பில் ஜெல்லைத் தனியாகக் கூடையில் போடலாம். "கர்ப்பப்பை இருக்கிறதா?" என்று அந்தப் பக்கம் கேட்காது.

அக்காவிடம் இன்றைக்கே இரண்டு விஷயம் கேளுங்கள். கர்ப்பப்பையை எடுத்தாயிற்றா? உள்ளே ஹார்மோன் "காயில்" (கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னச் சாதனம்) எதுவும் வைத்திருக்கிறார்களா? இங்கிலாந்தில் ஜெல் தடவும் பலருக்கு மிரெனா என்ற காயில் கர்ப்பப்பைக்குள் இருக்கும். புரோஜெஸ்டிரோன் செய்ய வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருக்கும். வைத்தது ஒரு நாள் வேலை, அதன் பிறகு நினைப்பே இருக்காது. அதனால் "ஜெல் ஒண்ணுதான்" என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை, மருந்தின் மறுபாதி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "ரெண்டு அழுத்து" என்று அவர் சொல்லும் அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வரும் பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 0.75 மில்லிகிராம் ஈஸ்ட்ரடியால். உங்கள் கையில் டியூப் வந்தால் அதோடு வரும் அளவுகோலில் 2.5 கிராம் ஜெல் என்பது 1.5 மில்லிகிராம். கண்ணளவில் பிதுக்கினால் எங்கேயோ போய் நிற்கும்.

மறுபாதிக்கு வீட்டில் கிடப்பதைப் பயன்படுத்தலாம் என்றும் நினைக்க வேண்டாம். கோயில், கல்யாணம் என்று தேதியைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அட்டை பல வீட்டு அலமாரிகளில் உண்டு. அது நாரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். அதன் அளவும் கணக்கும் வேறு. அந்த அளவில் ரத்த உறைவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். "இயற்கை புரோஜெஸ்டிரோன்" என்று ஆன்லைனில் விற்கும் தடவும் க்ரீமை நம்பி ஈஸ்ட்ரோஜன் எடுக்கவே கூடாது. கர்ப்பப்பையின் உட்சுவரைக் காக்கும் அளவுக்கு அது உள்ளே போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வைல்டு யாம் (ஒரு காட்டுக் கிழங்கு) க்ரீம் என்று வருவது அதைவிட மோசம். அந்தக் கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனினை ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோனாக மாற்றலாம். 1940களில் மெக்சிகோவில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அதைத்தான் செய்தார். நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. க்ரீமாகத் தடவினால் க்ரீமாகவே இருக்கும்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பன்னிரண்டு நாள். ஹாட் ஃப்ளஷைவிட என் கண் அதில்தான் நின்றது. 48 வயதில் கட்டி கட்டியாகப் பன்னிரண்டு நாள் என்றால், ஹார்மோன் தருவதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது இந்த வயதின் தடுமாற்றமாகவோ, ஃபைப்ராய்டு கட்டியாகவோ, பாலிப் என்ற சதை வளர்ச்சியாகவோ இருக்கும். சிலருக்கு உட்சுவர்த் தடிப்பு, மிகச் சிலருக்குப் புற்றுநோய். உள்வழி ஸ்கேன் ஒன்று, தேவைப்பட்டால் உட்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனை, வெளிநோயாளியாகவே முடிந்துவிடும். மாதவிலக்கு முழுதாக ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அன்றைக்கே தேதியைக் குறித்துவைத்து உடனே காட்ட வேண்டும். அப்படி வருபவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்பது பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது, சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது. அசோகப்பட்டைக் கஷாயம், அசோகாரிஷ்டம் என்று ஆறு மாதம் குடித்துப் பார்த்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கஷாயத்தின் மேல் கோபம் இல்லை. போய்விட்ட ஆறு மாதம்தான் வலிக்கிறது.

"ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வரும் என்கிறார்களே" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் பெரும்பாலும் 2002 ஜூலையில் பிறந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த டபிள்யூஹெச்ஐ (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) ஆய்வின் ஒரு பகுதியை நடுவிலேயே நிறுத்தினார்கள். கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் என்றும், ஏறக்குறைய அதே அளவில் பக்கவாதம், நுரையீரலில் ரத்தக்கட்டி என்றும் கணக்கு வந்தது. செய்திகளில் பெரிதாகப் பேசப்படாத விஷயம், அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அவர்களுக்குக் கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த வாய்வழி மாத்திரை. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்து ஆண்டுக்குள் ஆரம்பிப்பவருக்கு, வேறு தடை இல்லாவிட்டால், நன்மை தீமையைவிடக் கூடுதல் என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் பெட்டியில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் மார்பகப் புற்றுநோய், இதயநோய், மறதிநோய் பற்றிய பகுதிகளை எடுக்கப்போவதாக அறிவித்தது. தனி ஈஸ்ட்ரோஜனுக்கான கர்ப்பப்பைப் புற்றுநோய் எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தது. ஆபத்து பூஜ்யம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கூட்டு ஹார்மோனைச் சில ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. இன்று நாங்கள் எழுதும் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனில் (உடம்பில் சுரப்பதைப் போன்றதே, நுண்ணிய பொடியாக்கியது) அது குறைவு என்று பிரெஞ்சுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டுகிறது. நான் அதை நம்புகிறேன்; ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதால் சத்தியம் செய்ய மாட்டேன். இதயத்தைக் காக்கும், மறதியைத் தடுக்கும், எடையைக் குறைக்கும் என்று ஆன்லைனில் சொல்வதற்காக யாரும் ஹார்மோன் ஆரம்பிக்க வேண்டாம். எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும் என்பது மட்டும் உறுதி.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். அட்டையில் ஆர்எக்ஸ் குறி இருக்கும். ஆன்லைன் மருந்து விற்பனைக்கு மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை ஆன்லைன் விற்பனை கூடாது என்றார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வரைவு வரைவாகவே ஆண்டுகள் ஓடின, விற்பனையும் ஓடியது. அதனால் கவனம் நம் பக்கம் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, முதல் தடவை பார்க்கும் நோயாளிக்கு, சீட்டில்லாமலே கிடைக்கும் எளிய மருந்துகளைத் தாண்டி எதை எழுதுவதானாலும் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். மருந்தைக் கூடையில் போட்ட பிறகு இரண்டு நிமிடம் போனில் பெயர், வயது, "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டு வரும் சீட்டு, உங்களைப் பார்த்து எழுதிய சீட்டு அல்ல. பி.பி. பார்க்கவில்லை, மார்பைப் பார்க்கவில்லை, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று கேட்கவில்லை. சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் கடையின் உரிம எண்ணும் மருந்தின் தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணும் இருக்க வேண்டும், அட்டையில் உள்ள எண்ணோடு அது பொருந்த வேண்டும். வாட்ஸ்ஆப்பில் பணம் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். அக்காவை அனுப்பச் சொல்வதும் வேண்டாம். அது அவர் பெயருக்கு எழுதியது, வழியில் எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. மே மாதத்தில் டெலிவரிப் பையில் இருந்து வந்த புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது பொடி. எனக்குச் சித்த, ஆயுர்வேதப் பயிற்சி கிடையாது. அந்த முறையில் முறையாகப் படித்தவர் நேரில் பார்த்துத் தரும் மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இன்ஸ்டாகிராமில் வந்த டப்பாவைப் பற்றிப் பேசலாம். அதைத் திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத மருந்து அல்லது சித்த மருந்து என்ற வார்த்தையும் தயாரிப்பு உரிம எண்ணும் இருக்கிறதா, அல்லது 14 இலக்க உணவு உரிம எண் மட்டும்தானா? உணவு எண் மட்டும் இருந்தால், அது சட்டப்படி சத்துமாவு வரிசையில் நிற்கும் பொருள். மருந்து என்று யாரும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால்தான் "குணமாகும்" என்று எழுதாமல் "பேலன்ஸ்", "சப்போர்ட்" என்று எழுதுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, ஆளி விதை, சோயா இருக்கின்றன. தண்ணீர்விட்டான் கிழங்கு நம் ஊரில் பெண்களுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவருவது; ஹாட் ஃப்ளஷுக்கு அது கேட்குமா என்று சொல்லும் அளவுக்குப் பெரிய, நல்ல ஆய்வுகள் இல்லை. ஆளி விதையை அமெரிக்காவில் 188 பெண்களிடம் சோதித்தார்கள். வெற்றுப் பண்டத்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. சோயாவில் சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது, ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆன்லைனில் அதிகம் விற்கும் பிளாக் கோஹோஷ் என்ற வட அமெரிக்க வேரை 2,027 பெண்கள் பங்கேற்ற 16 ஆய்வுகளில் அலசிய காக்ரேன், பயன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அரிதாக ஈரல் பாதிப்பு வந்ததால் பிரிட்டன் 2006லேயே எச்சரித்தது. "ஆனா பொடி குடிச்சதுல கொஞ்சம் பரவாயில்லையே" என்கிறீர்கள். நம்புகிறேன். முன்பு சொன்ன அந்த 58 சதவீதம் இதுதான்: இந்த அவஸ்தை தானாகவே ஏறி இறங்கும், எதையாவது எடுக்கிறோம் என்ற தெம்பிலும் குறையும். நிவாரணம் பொய்யில்லை. அதைப் பொடிதான் தந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

உங்கள் விஷயத்தில் அமுக்கராதான் எனக்கு உறுத்துகிறது. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு அளவு மிஞ்சினால் வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரும். எதற்காகப் பொடி குடிக்கிறீர்களோ அதுவே கூடும். இன்னொரு பக்கம், மாத்திரை போட்ட சற்று நேரத்தில் பாலும் சோயாவும் குடித்தால் மாத்திரை சரியாக உள்ளே ஏறாது. இரண்டும் சேர்ந்து உங்கள் தைராய்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால்தான் தெரியும். பொடியை இன்றோடு நிறுத்திவிட்டு, ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். படபடப்பு இருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பாருங்கள். கனஉலோகக் கவலையும் வெறும் பயமுறுத்தல் இல்லை. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. அமெரிக்காவில் தயாரானதிலும் இந்தியாவில் தயாரானதிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். பழைய ஆய்வுதான், உங்கள் டப்பாவில் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. இல்லை என்று டப்பாவும் சொல்லவில்லை. உளுந்தங்களி, எள்ளுருண்டை, வீட்டுச் சமையலில் வெந்தயம் எதையும் நிறுத்த வேண்டாம்; அவை சாப்பாடு.

நேரில் போகும்போது கூச்சப்படாமல் மூன்றே வாக்கியம் சொல்லுங்கள்: "ராத்திரி இத்தனை தடவை வேர்த்து எழுந்திருக்கிறேன். கடைசியாகப் பன்னிரண்டு நாள் கட்டியாகப் பட்டது. எனக்கு ஹார்மோன் சிகிச்சை பொருந்துமா என்று பாருங்கள்." கடைசி ஆறு மாதத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப்போங்கள், டப்பாவின் லேபிளைப் படமெடுத்துப் போங்கள். பி.பி., சர்க்கரை, டிஎஸ்ஹெச், ஸ்கேன், மார்புப் பரிசோதனை தேவைப்படும்; மேமோகிராம் எடுத்து நாளாகியிருந்தால் அதுவும். எடை குறைந்துகொண்டே போய், சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் ஊரில் ராத்திரி வேர்வைக்குக் காசநோயும் ஒரு காரணம். அம்மா, அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் உண்டா, உங்களுக்குக் காலில் ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, ஈரல் நோய் இருந்ததா என்று கேட்பார்கள், மறைக்காதீர்கள். செலவு யோசனை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பி.பி., சர்க்கரையும், கர்ப்பப்பைவாய், மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். மேற்கொண்டு தேவை என்றால் அரசு மருத்துவக் கல்லூரியின் மகளிர் ஓ.பி. இருக்கிறது. மறுபடியும் "அப்படித்தான் இருக்கும்" என்றால், இன்னொருவரிடம் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஹார்மோன் ஆகாது என்று வந்தாலும் வழி அடைத்துவிடாது. வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவிலும், ராத்திரி வேர்வைக்கு கேபாபென்டினும் ஹாட் ஃப்ளஷைக் குறைக்கின்றன. சிந்தனையையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் சிகிச்சைக்கும் (சிபிடி) நல்ல ஆதாரம் இருக்கிறது. கீழே வறட்சியும் உறவின்போது வலியும் மட்டும்தான் பிரச்சினை என்றால், உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போதும். அது ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். வாய்விட்டுக் கேட்காததால் பலர் இதை இழக்கிறார்கள்.

எல்லாம் சரி என்று ஜெல்லும் ராத்திரி போடும் புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை வைத்து ஆப்பில் தாராளமாக வாங்குங்கள். உங்களுக்கு மாதவிலக்கு இன்னும் முழுதாக நிற்காததால், பெரும்பாலும் மாதத்தில் 12 அல்லது 14 நாள் மட்டும் காப்ஸ்யூல் போடச் சொல்வார்கள். அது முடிந்ததும் தீட்டு வருவது இயல்பு. இது கருத்தடை ஆகாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஜெல்லை மேல்கையிலோ தொடையிலோ தடவுங்கள், மார்பில் வேண்டாம். தடவிய இடத்தைக் காயவிட்டு, உள்ளங்கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடவிய இடம் பேரக் குழந்தையின் மேல் ஒரு மணி நேரமாவது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் டாக்டரை மறுபடி பாருங்கள். அதற்கு முன்பே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தேதி தப்பிய ரத்தப்போக்கு வந்தாலோ ஜெல்லை நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள்.